கலியம்மாள் அடைத்த குழாய்

அன்று காலை கலியம்மாள் கண்டுபிடித்த விஷயம் ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவளுடைய சொர்ணவாரிப் பட்டத்து நெல் அதுபாட்டுக்கு விளைந்து களத்துக்கு வந்திருக்கும். வாயை மூடிக்கொண்டு இருக்கிற பொம்பளையா அவள்?

பாகூர்ப் பக்கம் அப்போதெல்லாம் போர் போட்டால் மோட்டார் வேண்டாம், கரண்ட் வேண்டாம். தண்ணீர் தானாகப் பொங்கிக் குழாய் வழியாகக் கொட்டும். பயிருக்குப் போக மிச்சம் வாய்க்காலில் ஓடி வீணாகும். போனால் போகட்டும், குழாயை மட்டும் யாரும் அடைக்க மாட்டார்கள். அடைத்தால் ஊற்று கோபித்துக்கொண்டு அடுத்தவன் கழனிக்குப் போய்விடுமாம். எழுபத்தைந்தாம் வருஷம் மழை ஏமாற்றியதில் ஏரி பாளம் பாளமாக வெடித்தது. மேட்டில் அதே மாதிரி போர் போட்டிருந்த தெருக் குழாயும் நின்றுபோனது. பள்ளத்தில் கலியம்மாள் குழாயும் அடுத்த கழனிக்காரன் உலகநாதன் குழாயும்தான் கொட்டிக்கொண்டிருந்தன. தெருப் பெண்கள் இடுப்பில் குடத்தோடு வெயிலில் அங்கே நடந்தார்கள்.

அன்று மடை உடைந்துவிட்டது. கலியம்மாள் கொஞ்ச நேரம்தானே என்று குழாய் வாயில் கோணியைத் திணித்துவிட்டு, மண்வெட்டி எடுக்க வீட்டுக்கு வந்தாள். தெருக் குழாய்க்கு எதிரே மளிகைக் கடை வைத்திருந்த ரோஷன் பீவி கூவினாள்.

“அடியே கலியம்மா, கொழாயில தண்ணி வருதுடி!”

வந்தது, சுண்டுவிரல் தடிமனுக்கு. கலியம்மாளுக்குச் சுருக்கென்றது. திரும்பி ஓடிக் கோணியைப் பிடுங்கினாள். வந்து பார்த்தால் தெருக் குழாய் சொட்டிக்கொண்டு நின்றது. மறுபடி போய் அடைத்தாள், மறுபடி வந்தது. இத்தனை நாளும் தெருவின் குடிதண்ணீரைத் தன் கழனி இழுத்துக்கொண்டிருந்ததா என்று அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

நேரே உலகநாதனிடம் போய்ப் போட்டு உடைத்தாள். அவன் அவளுக்குக் கொழுந்தன் முறை.

“சரி, அதுக்கு இப்ப இன்னா பண்ணணுங்கற அண்ணி?”

“பயிருக்கு வேணுங்கிற நேரம் மட்டும் தொறப்போம். மத்த நேரம் ரெண்டு பேரும் அடைச்சிடுவோம். தெருவுக்குத் தாராளமா ஏறும்.”

“அடைச்சா ஊத்து பூடும். ஒனக்கு இன்னா பைத்தியமா?”

“பூடாது. நான் மூணு நாள் அடைச்சிக் காட்டறேன். நாலாம் நாள் என் கொழா கொட்டுச்சின்னா நீயும் அடைக்கணும்.”

“கொட்டலன்னா?”

“கொட்டலன்னா என் நெல்லு பதராப் பூடும். ஒனக்கு இன்னா நஷ்டம்?”

நெல் பால் பிடிக்கிற பருவம். அந்த நேரத்தில் போய் இப்படி ஒரு சபதம்! ஆனால் கலியம்மாள் சொன்னால் சொன்னதுதான். பூவரசங்கட்டையைச் செதுக்கி, கோணி சுற்றி, குழாயில் அடித்து இறுக்கி, பாறாங்கல்லை முட்டுக் கொடுத்தாள்.

முதல் நாள் தெருவில் குடங்கள் மெல்ல நிறைந்தன. ரோஷன் பீவி கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வரிசை பார்த்தாள்.

இரண்டாம் நாள்தான் வினை வந்தது. உலகநாதன் குழாய் முன்னைவிடத் தடித்துக் கொட்டியது. ஊரே போய் வேடிக்கை பார்த்தது.

“பாத்தியா அண்ணி, ஒன் ஊத்து எங்கிட்ட வந்துடுச்சி. நானா கூப்பிட்டேன்?” என்று அவன் துண்டை உதறித் தோளில் போட்டான்.

“வந்த வரைக்கும் வயிறாரக் குடி” என்றாள் கலியம்மாள். வாய்தான் அப்படிச் சொன்னது, கால் பயிரைப் பார்க்க ஓடியது. கழனியில் தோகைகள் சுருண்டிருந்தன. ஒரு நெல்லை நசுக்கிப் பார்த்தாள். பால் கொஞ்சம்தான் கசிந்தது.

மூன்றாம் நாள் ரோஷன் பீவியே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தொறந்துடும்மா. ஒன் வவுத்துல அடிச்சி எங்களுக்குத் தண்ணி வேணாம். நாங்க நடந்தே எடுத்துக்கறோம்.”

“சும்மா இரு பீவியக்கா. அடியில இருக்கறது எல்லாம் ஒரே தண்ணி. நான் குடிக்கல, அதனால அவனுக்குக் கூட வருது, ஒனக்கும் வருது. அவ்ளோதான்.”

நாலாம் நாள் காலை வரப்பெல்லாம் ஆள். கலியம்மாள் கல்லைத் தள்ளிவிட்டுக் கட்டையை இழுத்தாள். ஊறி இறுகியிருந்தது, அசையவில்லை. “உள்ள தண்ணி இருந்தாத்தான தள்ளும்” என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்துப் பக்கவாட்டில் இரண்டு போடு போட்டாள். கட்டை தெறித்து ஓடியது. பின்னாலேயே வந்த தண்ணீர் மார்பில் அறைந்து அவளைச் சேற்றில் உட்காரவைத்தது. உட்கார்ந்தபடியே அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டும்தான்.

கொஞ்ச நேரத்தில் உலகநாதன் குழாய் இளைத்துப் பழையபடி ஆனது. அவன் இரண்டு குழாயையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு துண்டுக்குள்ளிருந்து செதுக்கிய கட்டை ஒன்றை வெளியே எடுத்தான்.

“எப்ப செஞ்ச?” என்றாள் கலியம்மாள்.

“மொத நாளே. தெருவுல தண்ணி ஏறினதும் செதுக்கிட்டேன் அண்ணி. மறுநாள் என் கொழா தடிச்சதும் ஆசை வந்துடுச்சி.” அவன் தலையைத் தூக்கவில்லை.

“போய் அடி. என் நெல்லு குடிக்கட்டும். சாயங்காலம் ஒனக்காக நான் அடைக்கறேன். ஒண்ணு மாத்தி ஒண்ணு மூடியிருந்தா தெருவுக்கும் ஏறும்.”

அவன் போய்த் தன் குழாயில் கட்டையை வைத்து அடித்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே கலியம்மாள் குழாய் இன்னும் ஒரு சுற்றுத் தடித்தது. அவள் புடவையைப் பிழிந்துகொண்டே குரல் கொடுத்தாள்.

“பாத்தியா உலகநாதா, ஒன் ஊத்து எங்கிட்ட வந்துடுச்சி. நானா கூப்பிட்டேன்?”