கொஞ்சம் இறங்கிய மேல் ஸா

காந்திமதிக்குக் காலையிலிருந்தே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருபது வருஷத்துக்கு முன் பெங்களூருக்கு மாற்றலாகிப் போன சேஷன், பெண்ணைக் காலேஜில் சேர்க்க டெல்லி வந்தவர், இன்று கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வருகிறார். வந்ததும் அந்த ஃப்ளூட்டை வாசித்துக் காட்ட வேண்டும்.

ஃப்ளூட் என்றால் நிஜ ஃப்ளூட் இல்லை. அப்போது இவர்களுடைய மெல்லிசைக் குழுவில் அவர் புல்லாங்குழல்; இவள் சிந்தசைசர், எந்த வாத்தியத்தின் ஒலியையும் உண்டாக்கிச் சேமித்துக்கொள்ளும் கீபோர்டுப் பெட்டி. மாற்றல் உத்தரவு வந்த மாதம், ஒத்திகையில் அவர் வாசிக்க வாசிக்க, பக்கத்தில் உட்கார்ந்து இவள் அந்தப் பெட்டிக்குள் ஒரு புல்லாங்குழலை உண்டாக்கினாள். சுரம் பிறக்குமுன் துளி காற்றுச் சத்தம். நீட்டிப் பிடித்தால் கொஞ்சம் தாமதித்துத்தான் அதிர்வு. அப்புறம் முக்கியமான விஷயம், சேஷனுக்கு மேல் ஸா எப்போதும் ஒரு மயிரிழை இறங்கித்தான் நிற்கும். குழுவே அதற்காக அவரைத் திட்டும். காந்திமதி அதையும் காதாலேயே அளந்து உள்ளே வைத்துவிட்டாள். மனசில் இருந்ததை வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாம்; அதற்குத்தான் துப்பில்லையே! ஆள் போனார், கல்யாணமும் செய்துகொண்டார். அந்த ஒலியை இவள் கச்சேரியில் ஒருநாளும் எடுத்ததில்லை. ஆபீஸ் விட்டு வந்து தனியாக வாசித்துக் கேட்பாள். அவ்வளவு ஏக்கம்.

சேஷன் வந்தார். தலை நரைத்திருந்தது. சிரிப்புகூட என்னவோ மாறியிருந்தது.

"காந்தி, இன்னும் அதே பெட்டியா! நானும் இப்போ கீபோர்டுதான், தெரியுமோ?"

அவள் வாசித்தாள். கீழே தொடங்கி, மெல்ல ஏறி, மேல் ஸாவில் நின்றாள். 'இது நான்தானே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் அவளுக்கு.

சேஷன் நெற்றியைச் சுருக்கினார். "அச்சா இருக்கு. ஆனா மேலே சுருதி இறங்கறதே, கவனிச்சேளா? மிஷின் கெட்டுப்போச்சா?"

அடப் பாவி மனுஷா! தன் வாசிப்பே தனக்குத் தெரியாமல் ஒருவர் இருப்பாரா?

"பழைய மிஷின்லா," என்றாள் காந்திமதி. கண் கலங்குவதற்குள், காபி போடுகிறேன் என்று அடுக்களைக்கு ஓடினாள்.

டம்ளரோடு திரும்பியபோது அவர் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "சரி பண்ணிட்டேன். பழசை அழிச்சு அது மேலயே ஸ்டோரும் பண்ணியாச்சு. இனிமே தொந்தரவே இல்லை. வாசிங்கோ, பாக்கலாம்."

மேல் ஸா சுத்தமாக நின்றது. காந்திமதி இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தாள். எவ்வளவு இறக்கி வைத்தோம் என்று நினைவில்லை. அவர் வாசித்தால் மறுபடி பிடித்துவிடலாம்.

"சேஷன், நாளைக்கு உங்க ஃப்ளூட்டைக் கொண்டு வாங்களேன். ஒரே ஒரு பாட்டு."

"ஃப்ளூட்டா?" அவர் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். முன் பல் எல்லாம் கட்டின பல். "இதுல காத்து நிக்க மாட்டேங்கறது, காந்தி. அதான் கீபோர்டுக்கு வந்தேன். சில நாள் என் ஃப்ளூட்டைக் கேக்கணும்போல இருக்கும். ஒரு ரெக்கார்டிங்கூட வச்சுக்கலை, பாருங்கோ. உங்ககிட்ட எங்கயாவது இருக்குமா?"

காந்திமதி பெட்டியைப் பார்த்தாள்.

"இருந்துச்சு," என்றாள். "காபி ஆறுது, குடிங்க."