நண்டும் ரெனால்டின் சட்டையும்

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடிக் கம்பனியொன்றை நடத்தும் ரெனால்டின் சட்டையில், ஓகஸ்ட் ஒன்பதாம் திகதி முற்பகல் பதினொன்றேகாலுக்கு, யாரோ தொலைத்த வரிகள் நீல நிறத்தில் எழுந்தன. அன்று மருதானையில் ரயில் இருபது நிமிடம் பிந்தியது. வேறு விசேஷம் எதுவும் இல்லை.

காரணம் கொன்ஸ்ரன்ஸுக்குத் தெரியும். புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் வரிகளை அடிப்பதற்கான 'நண்டு' என்ற எடிட்டரை அந்தக் கம்பனியில் ஆறு வருடம் முதுகு ஒடியக் கட்டியவள் அவள். கொன்ட்ரோலோடு எஸ் அழுத்தினால் சேமிப்பது எல்லாரும் அறிந்த வழக்கம். ஆனால் கீபோர்டைத் தமிழுக்கோ சிங்களத்துக்கோ மாற்றினால் அந்த இடத்தில் எஸ் இருக்காது, கட்டளையும் பலிக்காது. இந்த ஊரிலோ ஒரே பக்கத்தில் மூன்று பாஷையும் அடிப்பார்கள். அதனால் எழுத்தைப் பார்க்காமல் விரல் படும் இடத்தைப் பார்க்க நண்டைப் பழக்கியிருந்தாள்.

ஜூலையில் ரெனால்டுக்குத் திடீரென்று உலக ஞானம் பிறந்தது.

"வெளியில எல்லாரும் எழுத்தைத்தான் பாக்கிறாங்க. நாங்களும் அப்படியே வைப்பம்."

"தமிழில அடிக்கிறவங்க என்ன செய்யிறது சேர்?" என்று கொன்ஸ்ரன்ஸ் கேட்டாள்.

"இங்கிலீஷுக்கு மாத்திட்டு சேவ் பண்ணட்டுமே. பெரிய வேலையா?"

சம்மதமானவர்களைக் கை தூக்கச் சொன்னார். தூக்கிய நாலு பேரும் வாழ்நாளில் தமிழில் ஒரு வரி அடித்ததில்லை. புதிய நண்டைப் பரீட்சித்துப் பார்த்தவர்களும் அதே நாலு பேர்தான். கொன்ஸ்ரன்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாற்றத்தை அறிவித்த கடிதத்தின் அடியில், அவளைக் கேளாமலே, அவள் பெயரைப் போட்டிருந்தார்கள்.

ஒன்பதாம் திகதி களுபோவிலவில் கரண்ட் போனது. அங்கே நிம்றா என்பவள், ஒரு மருந்துக்கடைக்காகத் தமிழ்க் குறிப்புகளோடு நண்டில் எழுதிய மூன்று நாள் வேலை, நூறு தரம் சேமித்ததாக அவள் நம்பிய வேலை, அப்படியே போயிற்று. அடுத்த புதன்கிழமை கொடுக்காவிட்டால் அந்த வேலை வேறொருவர் கைக்குப் போய்விடும். "ஒங்கட பேரப் பாத்துத்தானே மிஸ் நம்பின," என்று மட்டும் போனில் சொன்னாள். கொன்ஸ்ரன்ஸ் பகல் சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே குப்பைக்கூடையில் எறிந்தாள்.

நிம்றாவின் வரிகளைத்தான் ரெனால்ட் சுமந்துகொண்டிருந்தார். கழற்றினால் சட்டை வெறுமையாகும். வேறு சட்டை போட்டால் அடுத்த பக்கம் வரும். கறுப்புச் சட்டை போட்டார், எழுத்து வெள்ளையாக வந்தது.

"முதுகைக் கொஞ்சம் காட்டுங்க சேர். பாத்து எழுதிக் குடுப்பம்," என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.

"நான் என்ன கரும்பலகையா?" என்று கத்திவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயிலில் அவருடைய மகள் டில்ஷானிக்கு முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். தானும் வாங்க ரெனால்ட் எழுந்தபோது புதுக் கோட்டின் முதுகில் நிம்றாவின் குறிப்பொன்று எழுந்தது: 'மூன்றாம் நாள். இன்னும் சரிவரவில்லை. யா அல்லாஹ், பொறுமையைத் தா.' பின் வாங்குகளில் இருந்த சனம் முழுவதும் வாசித்தது. யாரோ ஒருவர் "ஆமென்" என்றார். டில்ஷானி அன்று முழுக்கத் தகப்பனோடு கதைக்கவில்லை.

திங்கள் காலை ரெனால்ட் வந்து, "பழையபடி வையுங்க," என்றார்.

"வைக்கிறன். ஆனா கடிதத்தில என்ர பேரை எடுத்துட்டு, பிழை உங்கட எண்டு நீங்களே எழுதுங்க. தமிழில."

இரண்டு விரலால் ஒரு மணித்தியாலம் அடித்தார். கொன்ட்ரோலோடு எஸ் அழுத்தினார், மூடினார். திறந்து பார்த்தால் கடிதம் இல்லை. 'பிழை என்னுடையது, கொன்ஸ்ரன்ஸுடையது அல்ல' என்று அவருடைய நெஞ்சில் இருந்தது. அவள் அதைப் படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பினாள்.

நண்டு அன்றே பழைய வழக்கத்துக்குத் திரும்பியது. தொலைந்த வரிகள் மட்டும் ரெனால்டை விட்டுப் போகவில்லை. மத்தியானம் நிம்றா வந்தாள். கொன்ஸ்ரன்ஸ் அவளுக்குக் கதிரை போட்டு, பிளேன்டீ கொடுத்து, ரெனால்டை வெளிச்சம் விழும்படி ஜன்னலோரம் திருப்பி நிறுத்தினாள். அவருக்குக் கதிரை கொடுக்கவில்லை.

நிம்றா சட்டையின் கடைசி வரிவரை பார்த்து அடித்துவிட்டு, கொன்ட்ரோலோடு எஸ் அழுத்தினாள்.

"அடுத்தது, சேர்," என்றாள்.

ரெனால்ட் சட்டை மாற்ற உள்ளே போனார்.