பஷீராவின் சீனப் பாதி

இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களையும் பழைய சீனத்துத் தனிப்பள்ளிகளையும் ஒப்பிட்டு எம்.லிட். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள் பஷீரா. 1965 ஜனவரியில் தாம்பரம் கல்லூரியில் பேராசிரியர் சத்தியநாதன் அதைப் பார்த்துவிட்டு, ஐரோப்பா நன்றாக வந்திருக்கிறது, சீனாவை விட்டுவிடு என்றார். எல்லைச் சண்டை முடிந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, சீனா என்றாலே தேர்வாளர்கள் முகம் சுளிப்பார்கள் என்றார். பட்டமே தராத பள்ளியைப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் எப்படி நிறுத்துவது என்றும் கேட்டார்.

ரயிலேறிப் பல்லாவரத்தில் இறங்கும்வரை அவளுக்குக் கோபம் அடங்கவில்லை.

அங்கே தோல் மண்டி வைத்திருந்த அவள் அத்தா கிபாயத்துல்லா, பதின்மூன்று வயதில் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியவர். அண்ணன் உமரின் புத்தகங்களை வைத்துக்கொண்டு, பி.ஏ. வரை வீட்டிலிருந்தே பிரைவேட்டாக எழுதித் தேறினாள். எம்.ஏ.வுக்காகக் கல்லூரி வாசலை மிதிக்க, மூன்று மாதம் அத்தாவோடு பேசாமல் இருக்க வேண்டியிருந்தது.

சீனப் பாதியை அவள் விடவில்லை. சீனாவிலிருந்து திரும்பிய மிஷனரி ஒருவர் கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப்போன பதினோரு புத்தகங்களையும் கோடை முடிவதற்குள் படித்து எழுதி முடித்தாள். தான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுத்தான் சத்தியநாதன் கையெழுத்துப் போட்டார்.

டிசம்பரில் வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் துளசிங்கம் ஆளைத் திணறடிப்பதில் பேர்போனவர். இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழகத்தில் மாணவர்களே சேர்ந்து ஆசிரியரை அமர்த்தினார்கள், தாமதமாக வந்தால் அபராதமும் போட்டார்கள் என்று அவள் சொன்னபோது சிரித்தார். சீனா வந்ததும் சிரிப்பு நின்றது.

"ஒரு வாத்தியார், நாலு பையன்க, மனப்பாடம். பட்டம் கிடையாது, சாசனம் கிடையாது. இதுக்கு எதுக்கும்மா ஒப்பீடு?"

"பாரிஸ்ல பாடம் சொன்னவங்க கூட்டம்தான் பட்டமும் குடுத்துது, சார். அந்தக் கூட்டத்துக்குள்ள போகாதவனுக்கு வழியில்ல. சீனாவில பள்ளிக்கூடம் யாரோடதா வேணா இருக்கலாம், தேர்வு அரசாங்கத்தோடது. விடைத்தாள்ல பேரை மறைச்சு, வேற ஆளை விட்டுப் பிரதி எடுத்துத் திருத்தின காலம் உண்டு. யார்கிட்ட படிச்சவன்னு திருத்தறவருக்குத் தெரியாது."

"புத்தகத்துல இருக்கறத சொல்றீங்க."

"இல்ல சார். பதிமூணு வயசுக்கப்புறம் பி.ஏ. வரைக்கும் நான் எந்த வகுப்புலயும் உக்காரல. வீட்ல படிச்சேன், யுனிவர்சிட்டியில எழுதினேன். ரெண்டு இடத்துலயும் பொண்ணுங்களை உள்ள விடல, அதையும் எழுதியிருக்கேன். ஆனா நான் வந்த வழி அந்தச் சீனத்து வழி மாதிரிதான்."

சத்தியநாதன் தலைநிமிர்ந்து பார்த்தார். இந்த விவரம் அவருக்கே புதிது.

துளசிங்கம் சீன அத்தியாயத்தைத் திருப்பி நாலு பக்கம் படித்தார். அதன்பின் அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் தெரிந்துகொள்ளக் கேட்டவை. அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய தேர்வு இரண்டு மணி நேரம் நடந்தது.

துளசிங்கத்தின் அறிக்கையைச் சத்தியநாதனே துறையில் எல்லோர் முன்னும் வாசித்தார். ஆய்வேட்டின் உயிர் சீனப் பாதியில் இருக்கிறது, உடனே அச்சிட வேண்டும் என்று அதில் இருந்தது. வாசித்து முடித்ததும், "நான்தான் தப்பா சொன்னேன், பஷீரா" என்றார் சத்தியநாதன். ஜூனிலிருந்து பாடம் எடுக்க வரச் சொன்னார்.

அன்று சாயங்காலம் கிபாயத்துல்லா மண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், தன் மகள் சீனாவையே பாஸ் பண்ணிவிட்டாள் என்றார்.