மூன்று காலம் ஓடும் மேஜை

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா, இது சத்தமாகச் சொல்லக்கூடிய கதை இல்லை. ஒருத்தி மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் என்ன நினைத்தாள் என்பதுதான் கதை. பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், முடிகிற வரைக்கும் விடமாட்டேன்.

…ரெண்டே ரெண்டு கம்பி, ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு, இதற்குப் போயா இத்தனை வருஷம் யோசித்தோம் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது, வாயில் கடித்திருந்த சின்ன டார்ச் சிரிப்பில் ஆட, பலகையின் அடிப்பக்கமெல்லாம் வெளிச்சம் தள்ளாடியது. மூக்குக்கு மேலே மேஜை, மேஜைக்கு மேலே ஒரு ஊர். உள்ளங்கை உயரத்தில் வீடுகள், ஒரு ஸ்டேஷன், ஒரு பாலம், சுற்றிச் சுற்றி வரும் குட்டி ரயில். ஊர் ஒன்றுதான், தண்டவாளமும் ஒன்றுதான், காலம் மட்டும் மூன்று. முதலில் கரி எஞ்சினும் குதிரை வண்டியும் மண்ணெண்ணெய் விளக்கும், அதை எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு டீசல் எஞ்சினும் பஸ்ஸும் டெலிபோன் கூண்டும், அதையும் எடுத்துவிட்டு கடைசியில் கரண்ட் வண்டி, கண்ணாடிக் கட்டடம், தண்டவாளத்துக்கு மேலே கம்பம் கம்பமாய் நட்டு இழுத்த மேல்கம்பி. வருகிறவர்களிடம் எல்லாம் நானே செய்தேன் என்பார் அவள் புருஷன். செய்தார்தான், மேலே இருக்கிறதை. கீழே இருக்கிற கம்பிகள், சுருள்கள், பற்றவைப்புகள் எல்லாம் இவள் கை. கல்யாணத்துக்கு முன்னால் டிரான்ஸ்ஃபார்மருக்குச் சுருள் சுற்றும் பட்டறையில் வேலை பார்த்தவள், கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவாள், முதலாளி மற்ற பெண்களைக் கூப்பிட்டு இவள் சுற்றைக் காட்டுவார்… அந்தக் கைதானே இது?

மேல்கம்பியில் ஓடுவது பூனைக்குட்டி நக்கினாற்போல் கரண்ட், தொட்டால் ஒன்றும் ஆகாது. மூன்றாம் காலம் வந்ததும் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் அவர் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, ஆள்காட்டி விரலால் அந்தக் கம்பியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தடவிக் காட்டுவார், வந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், பிறகு கைதட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும். சுவரிலிருந்து வரும் கரண்டை, அதைக் குறைத்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுக்காமல் நேராக மேலே அனுப்பிவிட்டால்? அனுப்பியாயிற்று. கடைசி முறுக்கும் முறுக்கியாயிற்று. பிளக்கும் சொருகியாயிற்று. இனி அவர் ஸ்விட்சைப் போட வேண்டும், விரலை நீட்ட வேண்டும், அவ்வளவுதான், இவள் இப்படியே படுத்துக்கிடந்தால் போதும், வாழ்நாளெல்லாம் சொன்னாரே, சும்மா கிட, வாயைத் திறக்காமல் கிட, என்று… கிடக்கிறேனே.

மேலே அவர் காலத்தை மாற்றிக்கொண்டிருந்தார், சத்தத்திலேயே தெரிந்தது. அந்த ஊர் ஜனங்களுக்கு ஒவ்வொருவர் காலிலும் ஒரு குண்டூசி, பிளாட்பாரத்தில் அதற்கான ஓட்டை. ஒரு காலத்து ஆளைப் பிடுங்கி எடுத்த அதே ஓட்டையில் அடுத்த காலத்து ஆளைக் குத்தி நிறுத்துவார். டப், டப், டப். உடம்புகளை வீணாக்கமாட்டார், கழுத்தை மட்டும் நறுக்குவார், தொப்பி போட்ட தலையை எடுத்துவிட்டு கிராப் வெட்டிய தலையை ஒட்டுவார், கொண்டைக்காரியின் தலையை நறுக்கி எறிந்து குட்டை முடிக்காரியை ஒட்டுவார். நறுக்கின தலைகள் எல்லாம் ஒரு மாத்திரை டப்பாவில் கிடக்கின்றன, குலுக்கினால் கடுகு மாதிரிச் சத்தம் வரும். மருந்துக்கடை வைத்திருந்தவர் அல்லவா, டப்பாக்களுக்குக் குறைவில்லை. தெருவில் கேட்டுப் பாருங்கள், மருந்துக்காரரா, தங்கமான மனுஷன், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார் என்பார்கள். உண்மைதான், பேசமாட்டார். தலையை நறுக்கும்போதுகூட மெதுவாக, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூச்சுவிடாமல்… இவள் தலையைச் சுவரில் மோதும்போதும் அப்படித்தான், அவசரமே கிடையாது, முதலில் கொண்டையை அவிழ்ப்பார், மயிரைக் கையில் நன்றாகச் சுற்றிக்கொள்வார், பிறகுதான்.

அந்த டெலிபோன் கூண்டு. மஞ்சள் கூண்டு, தீப்பெட்டியில் பாதி இருக்கும். ஒரு தடவை அவர் மறந்துபோன சாமான்களை இவளை வைக்கச் சொன்னார், இவள் குதிரை வண்டிக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டாள், நன்றாக இருந்தது பார்வைக்கு, மஞ்சளாக. வந்திருந்தவர்களில் பல் டாக்டர்தான் கண்டுபிடித்தார். "என்ன சார், குதிரைக்காரன் யாருக்கு போன் போடுறான்? குதிரைக்கா?" என்று கேட்க எல்லோரும் சிரித்தார்கள், இவரும் சிரித்தார், இவளும்கூடச் சிரித்தாள். அவர்கள் போனபிறகு, சாமான் தட்டுகள் வைக்கிற இழுப்பறையைத் திறந்து, "கையை வை" என்றார். வைத்தாள். ஏன் வைத்தாள்? ஓடியிருக்கலாமே, வாசல் திறந்துதானே கிடந்தது… வைத்தாள். "ஐம்பது வருஷத் தப்பு" என்று சொல்லிக்கொண்டே இடுப்பால் இழுப்பறையைச் சாத்தினார். எலும்பு முறிகிற சத்தம் வெளியே கேட்காது, உள்ளுக்குள்தான் கேட்கும், பல்லுக்குள் கேட்கும். அதற்கப்புறம்தான் இன்னும் மோசம். டாக்டரிடம் போக வேண்டாம் என்று அவரே கட்டுப்போட்டார், பஞ்சு, மருந்து, சின்னக் குச்சி, எவ்வளவு பதமான கை தெரியுமா, வலிக்குதா வலிக்குதா என்று ஊதி ஊதிக் கட்டினார், கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. அந்த ஊதலுக்காகத்தான் அவரைக் கொல்லணும் என்று அன்றைக்கு முதல்முதலாகத் தோன்றியது. அடிக்காக இல்லை.

அதிலிருந்து எத்தனை விதமாகக் கொன்றிருக்கிறாள்! சோறு வடிக்கும்போது கொதிக்கிற கஞ்சியை அந்த வழுக்கையில், துணி காயப்போடும்போது அந்தக் கயிற்றால், பாலத்தை ஒட்டிக்கொண்டிருக்கும்போது பின்கழுத்தில் ரம்பத்தால், குட்டிக் கம்பங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி உள்ளங்கையில் வரிசையாய் நட்டு… ச்சீ, என்ன பொம்பளை இவள், என்று நீங்கள் கேட்காதீர்கள் கண்ணுகளா, அவளே கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டேதான் கேட்டுக்கொண்டாள்.

ரெண்டாம் காலம் முடிந்து காப்பி குடிக்கப் போயிருந்தவர்கள் திரும்பிவர, கதவு திறந்தது. மேஜையைச் சுற்றித் தொங்கிய பச்சைத் துணிக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி, அதில் கால்கள் வந்து நின்றன. பளபளவென்று பல் டாக்டரின் ஷூ, ஓய்வுபெற்ற ரயில்வே கார்டின் அகலச் செருப்பு. மகனின் சாம்பல் நிறக் காலுறை. அவன் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வருவான், தனிக்குடித்தனம் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பக்கத்தில் மருமகளின் வெறுங்கால், நெயில் பாலிஷ் பாதி உரிந்த கால். நல்ல பெண், அத்தை அத்தை என்று பின்னாலேயே வருவாள், போன மாதத்திலிருந்து கொஞ்சம் பேச்சுக் குறைந்துவிட்டது, மசக்கையாக இருக்குமோ என்றுகூட நினைத்தாள்.

"அண்ணி எங்கே? கீழேயா? தூங்கிட்டீங்களா அண்ணி?" பல் டாக்டர் குனிந்து துணியைத் தட்டினார்.

"கீழ படுத்தா அவளுக்கு நேரம் போறதே தெரியாது, விடுங்க," என்று புருஷன் சிரித்தார், வந்தவர்களுக்காக எடுத்துவைத்திருக்கும் சர்க்கரைக் குரலில்.

"கொடி காட்டட்டுமா? நாங்க வீட்டுக்குப் போக வேணாமா?" என்றார் கார்டு.

மூன்றாம் காலம் வந்துவிட்டது. அவள் டார்ச்சை அணைத்தாள். கண்ணை மூடிக்கொள்ளலாமா, காதைப் பொத்திக்கொள்ளலாமா, விழுகிற சத்தம் எப்படி இருக்கும், மேஜைமேல் விழுவாரா, அந்த ஊர்மேல் முகம் குப்புற விழுந்து ஜனங்களின் குண்டூசிகள் எல்லாம் கன்னத்தில்… ஜெயிலில் ஜன்னல் இருக்குமா? இருக்கும். எல்லா இடத்திலும் இருக்கும். அவருடைய செருப்புகள் ஸ்விட்ச் இருக்கிற கோடிக்கு நடந்து போயின. போகட்டும். தொடட்டும்.

"எப்பவும் நான்தானே தொடுறேன், இன்னைக்கு நம்ம வீட்டுப் புது ஆள் தொடட்டும்," என்றது சர்க்கரைக் குரல்.

என்ன?

"வேணாம் மாமா, எனக்குக் கரண்ட்னாலே பயம்." மருமகள்.

"ஒன்னும் ஆகாதும்மா, வெறும் பொம்மைக் கரண்ட்," என்று பல் டாக்டர் சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். மருமகளின் கால் ஓரடி பின்னால் போயிற்று. அந்தச் சிரிப்புக்கு அடியில், வேறு யாருக்கும் கேட்காத மாதிரி, அதிராமல், அவசரமில்லாமல் ஒரு குரல், "தொடுன்னா தொடு. மானத்தை வாங்காதே."

பாவி, அந்தப் பெண்ணையுமா, என்று அவள் பற்களைக் கடித்தாள், அந்தக் குரல் அவளுக்கு எலும்பு வரைக்கும் தெரியும், ஆனால் அவருடைய செருப்புகள் அந்தக் கோடியில், ஸ்விட்சுக்குக் கீழே அல்லவா இருக்கின்றன? குரல் இங்கே, தலைமாட்டிலிருந்து வந்தது. தலையைத் திருப்பினாள். சாம்பல் காலுறை போட்ட குதிகால் நகர்ந்து வந்து, மருமகளின் வெறுங்கால் விரல்கள்மேல் ஏறி நின்றது. நின்று, மெதுவாக, அழுத்தித் திருகியது. மேலே அவன் குரல், "சும்மா தொடு கண்ணு, நான் இருக்கேன்ல," என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. விரல்கள் முதலில் வெளுத்தன, பிறகு நீலமாயின. மேலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. "சரிங்க" என்று மட்டும் வந்தது.

கை எப்படிப் போயிற்று என்று அவளுக்குத் தெரியாது. பிளக்கை வயரோடு பிடித்து இழுத்தாள், சுவர்ச் சுண்ணாம்பும் சேர்ந்து முகத்தில் கொட்டியது. அதே மூச்சில் மேலே டக்கென்று ஸ்விட்சைப் போடுகிற சத்தம் கேட்டது. ஒரு நொடி. இன்னொரு நொடி. பிறகு கைதட்டல்.

"பாத்தியா, ஒன்னும் ஆகல!" என்றான் மகன்.

"என்ன சார் இது, லைட்டே எரியல? மூணாவது காலம் இன்னும் வரலையா?" பல் டாக்டருக்கு அதிலும் ஒரு சிரிப்பு.

அந்தக் கோடியில் விரல் சொடுக்குகிற சத்தம் கேட்டது, அவளைக் கூப்பிடுகிற சொடுக்கு, பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கீழ என்னன்னு பாரு." சர்க்கரை கொஞ்சம் குறைந்திருந்தது. அவள் அசையவில்லை. பிளக்கை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கிடந்தாள். குதிகால் இறங்கிவிட்டது. மருமகள் நசுங்கிய விரல்களை இன்னொரு பாதத்தின்மேல் தேய்த்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். கீழே கிடந்தவள் கையை நீட்டி அந்த நசுங்கிய காலைப் பிடித்தாள். கால் திடுக்கிட்டது, ஆனால் விலகவில்லை, கொஞ்சநேரம் கழித்து அதன் முழுப் பாரமும் அவள் உள்ளங்கைக்கு வந்து இறங்கியது.

இதை எங்கே கற்றான்? அதுதான் அவளுக்குப் புரியவில்லை. அடிகள் எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டுதான் நடந்தன, அவன் தூங்கினபிறகுதான் நடந்தன, அவன் காதுக்குப் போகாமல் தலையணையைக் கடித்துக்கொண்டுதான் வாங்கினாள். ஆனால் இது… இந்தக் குதிகால்… விருந்தாளிகள் சாப்பிட உட்காரும்போது, இவள் ஏதாவது கூடப் பேசிவிட்டால், சாப்பாட்டு மேஜைக்கு அடியில் ஒரு குதிகால் வந்து ஏறும். மேலே சிரிப்பு குறையாது, குழம்பு ஊற்றும் கையும் நிற்காது, எதிரில் உட்கார்ந்தவருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது என்றுதானே அவள் இத்தனை காலம்… அவனுக்கு அப்போது என்ன வயது, நாலா, ஐந்தா, சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுத் தரையில் உருண்டுகொண்டு, கையில் அந்தப் பழைய டீசல் எஞ்சினை வைத்துக்கொண்டு, கூ கூவென்று வாயால் ஊதிக்கொண்டு, பெரியவர்களின் கால்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து…

அவன் கீழேதான் இருந்தான்.

இவ்வளவுதான் கண்ணுகளா, என் கையை இனி விடலாம். நீங்கள் நன்றாக இருக்கணும். உங்கள் வீட்டு மேஜைக்கு மேலே இருக்கிற சிரிப்பு மேஜைக்கு அடியிலும் இருக்கட்டும், உங்கள் பிள்ளைகள் எங்கே தவழ்ந்து போய்ப் பார்த்தாலும் நல்லதே கண்ணில் படட்டும்.