மூலை மரம்

என் மாமனார் டூகல் மக்ராரி துப்பாக்கியோடு வந்து, நிலம் அளக்க நான் நிறுத்தியிருந்த திசைகாட்டியை ஒட்டி நின்றார். முள் ஆடியது.

"தள்ளி நில்லுங்க மாமா. இரும்பு கிட்ட வந்தா முள் திரும்பிடும்."

"ஏன், உன் முள்ளுக்கும் எங்களப் பாத்தா நடுக்கமா?"

வேலியோரம் நின்ற குடியேறிகள் சிரித்தார்கள். அவர்கள் கைகளிலும் துப்பாக்கிகள் இருந்தன. மாமனார் ஓரடி மட்டும் விலகினார். நான் காத்திருந்தேன். கடைசியில் துப்பாக்கியை வேலியில் சாய்த்துவிட்டு, காறித் துப்பினார்.

அமெரிக்காவின் அலெகனி மலைக்கு மேற்கே இந்தப் பள்ளத்தாக்கைக் கர்னல் வெதர்லி தன் இளமையில் அளந்து, தன் பெயருக்கே பட்டா வாங்கியிருந்தார். பிறகு ஆங்கிலேயரை எதிர்த்து விடுதலைப் போர் வந்தது. அவர் காங்கிரஸ் சபைக்கு உறுப்பினராகப் போனார். புதிய நாட்டின் ஜனாதிபதியே ஒரு காலத்தில் நிலம் அளந்தவர்தான். அளவைச் சங்கிலி பிடித்த கைகளுக்கு முதலில் காடு வந்தது, பிறகு நாடு வந்தது. கர்னல் மறந்துபோயிருந்த காட்டை இந்தக் குடியேறிகள் வெட்டி, எரித்து, சோளம் விதைத்து, வீடு கட்டிக்கொண்டார்கள். இப்போது அவருக்கு நிலம் வேண்டும். அன்று எல்லைக்காக அவர் கோடாலியால் குறியிட்ட மூலை மரம் கிடைத்தால் நிலம் அவருடையது. கிடைக்காவிட்டால் உழுதவர்களுடையது. நீதிமன்றம் அப்படித்தான் சொல்லியிருந்தது.

கர்னல் சிபாரிசு செய்ததால்தான் கல்லூரி எனக்கு அளவையர் பட்டயம் தந்தது. இந்த வேலைக்கு வேறொருவர் வருவதாக இருந்தது. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை.

"நம்ம கர்னல் லேசுப்பட்டவர் இல்ல," என்றார் அவருடைய காரியஸ்தர் பிரயர். "ஜனாதிபதி வீட்டு விருந்துல அவருக்குன்னு தனி நாற்காலி."

"அப்போ அங்கயே உக்காரச் சொல்லுய்யா," என்றார் மாமனார். "இங்க எதுக்கு வர்றாரு?"

பட்டாவில் சொல்லியிருந்த ஆற்றங்கரைப் பாறையிலிருந்து கோடு பிடித்தேன். சங்கிலி சோளக்காட்டைக் கடந்தது, மாமியார் துணி உலர்த்தும் கொடியைக் கடந்தது. எங்கே போகிறது என்று பாதி வழியிலேயே புரிந்துவிட்டது. பெரிய வெள்ளை ஓக் மரத்தடியில் போய் முடிந்தது. அதன் அடியில் ஒரு மண்மேடு. என் மனைவி எல்ஸ்பெத்தும், மூச்சுவிடாமலே பிறந்த எங்கள் குழந்தையும். போன குளிர்காலத்தில், உறைந்த மண்ணை மாமனார்தான் தோண்டினார். இருப்பதிலேயே நல்ல மரம் என்று அவரே தேர்ந்தெடுத்த இடம். பட்டை மூடியிருந்த மரத்தில் குறி இருப்பது யாருக்குத் தெரியும்? நான் அன்று அழவில்லை. அதை அவர்கள் மன்னிக்கவில்லை.

மாமியார் ஜேனட் வீட்டு வாசலிலிருந்து கத்தினார். "பொண்ணத்தான் கொன்னே. இப்ப அவ படுத்திருக்கற மண்ணையும் அளக்க வந்துட்டியா?"

நான் மரத்தை நெருங்கினேன்.

பட்டையில் நீளவாக்கில் ஒரு தடிப்பு இருந்தது. பழைய காயம் மூடிய இடம். பிரயரும் அதைப் பார்த்துவிட்டார். "வெட்டிப் பாரு," என்று முன்னால் வந்தார்.

மாமனார் குறுக்கே கையை நீட்டினார். "என் பொண்ணு மேல கால் வச்சே, அந்தக் கால் உனக்கு இருக்காது." பிறகு என்னிடம், "நீ போ மாப்பிள்ளே. உனக்குத்தான் உரிமை இருக்கே. போய் வெட்டு."

அந்த 'மாப்பிள்ளே'யை அவர் துப்பியது போலச் சொன்னார்.

மேட்டின் மேல் மண்டியிட்டேன். மண் மெத்தென்று உள்ளே அமிழ்ந்தது. கைக்கோடாலியால் தடிப்பைச் சுற்றி வெட்டி, பட்டையோடு ஒரு துண்டை நெம்பினேன். அது முழுசாகக் கழன்று மடியில் விழுந்தது.

உள்ளே கர்னலின் கோடாலி போட்ட மூன்று வெட்டுகள். நேற்றுப் போட்டவை போல விளிம்பு கலையாமல், சாம்பல் நிறத்தில். அவற்றின் மேல் இத்தனை காலம் வளர்ந்த மரம் அவற்றோடு ஒட்டவே இல்லை.

"இருக்கா?" என்றார் பிரயர்.

என் முதுகு மறைத்திருந்தது. மாமனார் வேலிப்பக்கம் நடக்கும் சத்தம் கேட்டது. துப்பாக்கி வேலிக்கட்டையில் உரசியது.

"இருக்கா, இல்லையா?"

என் உள்ளங்கை அந்த வெட்டுகளின் மேல் இருந்தது. விரல்களுக்கு இடையே மரத்தின் ஈரம் மெல்ல ஊறி, மணிக்கட்டு வழியே சட்டைக்குள் இறங்கியது.