ஸ்தேஃபா சிரித்த நாடகம்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை ஸ்தேஃபாவிடமிருந்து திருடினேன். பிறகுதான் அனுமதி கேட்டேன். தன்னை அழகாகக் காட்ட வேண்டாம், அக்காவைத் தியாகியாகக் காட்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கொடுத்தாள்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: ‘சிறைச் சன்னலுக்கு வெளியே நிலவு, விடுதலையைப் போல…’

[அடித்துவிட்டேன். ரக்னேதா நிலவைப் பற்றிப் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் பெலருஸ் நாட்டுச் சுலோனிம் ஊரின் கால்நடை மருத்துவர். தேர்தலில் வாக்குகளைத் திருடிவிட்டார்கள் என்று தெருவில் இறங்கினார். பின்னால் பாதி நாடு இறங்கியது. இப்போது சிறையில்.]

2

எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டுப் பியாவிஸ்டோக் நகருக்கு ஓடிவந்த பெலருஸ்காரர்கள் நாங்கள். ரக்னேதாவைப் பற்றி ஒருவர் மட்டுமே நடிக்கும் நாடகம் ஒன்றை எழுதினேன். எங்கள் குழுவின் நெட்டைப் பெண் யுஸ்தினா நடித்தாள். ஒரு முக்காலி, ஒரு விளக்கு, ஒரு மணி நேரம். அரங்கம் அழுதது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் முன்வரிசையில் ஒரு பெண் சிரித்தாள். நான்காம் நாளும். ஐந்தாம் நாள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

(அவளை உளவாளி ஆக்கினால் கதை சூடு பிடிக்கும். உண்மையில் நாங்கள் அப்படித்தான் சந்தேகித்தோம். நாட்டை விட்டு வந்தவர்களுக்கு அந்த வியாதி உண்டு.)

3

யுஸ்தினா ஒப்பனையைக்கூடக் கலைக்காமல் அவளை வாசலில் மறித்தாள். என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று கேட்டாள்.

“ரக்னேதா என் கூடப்பொறந்த அக்காம்மா. போன மாசந்தான் நான் இங்க வந்தேன். நீ என்னடான்னா பாதி நேரம் பேசாம சன்னலையே பாத்துக்கிட்டு நிக்கிற. அவ அஞ்சு நிமிஷம் வாயை மூடுனா காய்ச்சல் வந்துரும்.”

சண்டைக்குப் போன யுஸ்தினா படியில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்தேஃபா தீர்ப்பு நாளைப் பற்றிச் சொன்னாள். கடைசியாக ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி கேட்டிருக்கிறார்.

“இவ காவல்காரனப் பாத்து, ‘உங்க நாய் பின்னங்கால ஊனாம நிக்குது, முள்ளு ஏறியிருக்கும், பாருங்க’ன்னா.”

“பாத்தானா?”

“பாத்தான். இருந்துச்சு. பதினோரு வருஷம் போட்டாங்க.”

அந்த இடத்தில் என் நாடகத்தில் விடுதலை பற்றி இரண்டு பக்க உரை இருந்தது.* கிழித்தேன்.

* நல்ல உரை. இன்னும் மனசு கேட்கவில்லை.

4

புதிய நாடகத்தில் யுஸ்தினா வாய் ஓயாமல் பேசினாள். முள்ளை எடுக்கும் இடத்தில் அரங்கமே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் தண்டனையை அறிவித்தாள்.

ஆனால் ரக்னேதாவிடமிருந்து ஏழு மாதமாகக் கடிதம் இல்லை. உயிரோடு இருக்கிறாளா என்பதை ஸ்தேஃபா யாரிடமும் கேட்பதில்லை. வாரம் தவறாமல் எழுதிக்கொண்டு மட்டும் இருந்தாள். நாடகத்தைப் பற்றி எழுதினால் தணிக்கையில் போய்விடும் என்று, நெட்டைப் பசு ஒன்று வாங்கியிருப்பதாகவும், அது நிறுத்தாமல் கத்துவதாகவும், கேட்க ஊரே கூடுவதாகவும் எழுதினாள். பசு என்றதில் யுஸ்தினாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

மே மாதத்தில் பதில் வந்தது. ஐந்தே வரி. உருளைக்கிழங்கு அடை சுட்டுக்கொண்டிருந்த கையோடு ஸ்தேஃபா ஓடிவந்து எங்களுக்குப் படித்துக் காட்டினாள்:

“பசு நல்லா இருக்கட்டும். நெட்டைன்னா கொஞ்சம் குனிஞ்சு நிக்கப் பழக்கு, நம்ம வம்சத்துல எல்லாரும் குள்ளம். நான் இளைச்சுட்டேன். அதுக்காகப் பசுவுக்குத் தீனியைக் குறைச்சிராதே.”

ஸ்தேஃபா அன்றைக்குத்தான் அழுதாள். யுஸ்தினா அவள் கையிலிருந்த தோசைத் திருப்பியை வாங்கிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

(தோசைத் திருப்பி அங்கே ஏது என்று கேட்காதீர்கள். அதற்கு வேறு பெயர் எனக்கு வரவில்லை.)

5

ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன்: ரக்னேதா விடுதலையாகி வந்து மூன்றாம் வரிசையில் உட்காருகிறார், யுஸ்தினாவுக்கு வசனம் மறந்து…

ஸ்தேஃபா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “நடக்கட்டும். அப்புறம் எழுது.”

இன்னொரு முடிவும் உண்டு. அதை நான் எழுத மாட்டேன்.

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். மணி ஆறாகிறது, விளக்கைப் போட வேண்டும், சனம் வந்துவிட்டது. நீங்கள் இதை வாசிக்கும் நாளின் செய்தித்தாள் உங்களிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. அதைப் பார்த்துக் கடைசி வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் விடுதலைச் செய்தி வரவில்லையென்றால், பென்சிலைக் கையிலேயே வைத்திருங்கள்.