வேண்டுமென்றே அசிங்கமாக ஒரு சார்ட்

1

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடத்திலிருந்து பிறந்தது. என்னுடையதல்ல, என் கதாநாயகியுடையது. சார்ட் போடக் கற்றுக்கொண்டு வா என்று அலுவலகம் அவளை ஒரு வகுப்புக்கு அனுப்பியிருந்தது. அங்கே டீச்சர் சொன்னார்: "நல்லா போடறது அப்புறம். முதல்ல எவ்வளவு அசிங்கமா, எவ்வளவு பொய்யா போட முடியுமோ போட்டுட்டு வாங்க. எங்க ஏமாத்தறோம்னு நமக்கே தெரியட்டும்."

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "மழை விட்டிருந்தது. சன்னலோரம் அவள்"

வேண்டாம். மழைக்கும் சார்ட்டுக்கும் என்ன உறவு?

2

மற்றவர்கள் விற்பனைக் கணக்கை எடுத்துக்கொண்டார்கள். அவள் கணவரின் வலது கையை எடுத்துக்கொண்டாள். பக்கவாதம் வந்த கை. பிசியோதெரபிஸ்ட் வாராவாரம் ஒரு கருவியை அழுத்தச் சொல்லி, பிடி எத்தனை கிலோ என்று குறித்துத் தருவார். கடைசி இரண்டு மாதத்தில் பதினொன்று பன்னிரண்டாகியிருந்தது, அவ்வளவுதான்.

அளவுகோல் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும் என்பது பாடம். அவள் பத்தரையில் தொடங்கினாள். கடைசிப் பட்டை முதல் பட்டையைப்போல் மூன்று மடங்கு எழும்பி நின்றது. கண்ணைப் பறிக்கும் ரோஸ் கலர், தேவையில்லாத நிழல், பட்டைக்குப் பட்டை தலையில் ஒரு சிரிக்கும் சூரியன். கண்றாவி. அவளுக்கே சிரிப்புத் தாங்கவில்லை.

(ஏன் இந்தக் கையை எடுத்தாள்? பொய்யாகவாவது அது ஏறுவதைப் பார்க்க ஆசைப்பட்டிருப்பாள். பாவம், நான் கேட்கவில்லை.)

3

அச்செடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அங்கேதான் வந்தது வினை.

திரும்பி வந்தால், அவர் அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு போனில் பேசுகிறார். பக்கவாதம் வருமுன் இரும்பு கடைந்துகொண்டிருந்த லேத் பட்டறையின் முதலாளியிடம்.

"நாளைக்கே வேலைக்கு வரேன் சார். படமே இருக்கு, எங்க வீட்டம்மா போட்டது. கணக்குல புலி சார் அவங்க."

போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அந்த முகத்துக்கு மூன்று வாக்கியம் எழுதி, மூன்றையும் அடித்துவிட்டேன். சந்தோஷமாக இருந்தார். போதும்.

4

முடிவு ஒன்று: அவள் சொல்லவில்லை. அவர் பட்டறைக்குப் போகிறார். சுற்றுகிற இரும்பு, நழுவுகிற பிடி. இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை.

முடிவு இரண்டு: "அது ஏமாத்து வேலைங்க" என்று பட்டென்று போட்டு உடைக்கிறாள். அவர் முகம்

இல்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

5

பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலால் புதிதாக ஒன்று வரைந்தாள். பூஜ்யத்திலிருந்து, விரலே மடங்காத முதல் வாரத்திலிருந்து. பட்டைகள் மளமளவென்று ஏறின. அப்புறம் ஏறக்குறைய சமமாக நின்றன.

"அது வகுப்புக்காக வேணும்னே தப்பா போட்டதுங்க. இதுதான் நிஜம்."

"இவ்வளவு ஏறியிருக்கேனா?" என்றார். பிறகு விரலைக் கடைசிப் பட்டைகளுக்கு நகர்த்தினார். "இங்க வந்து நின்னுடுச்சு, இல்ல?"

"வேகம் குறைஞ்சிருக்கு."

"லேத் பிடிக்கலாமா?"

கையை நீட்டினாள். அவர் அதை வலது கையால் பற்றிக்கொண்டு, பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி அழுத்தினார்.

"வலிக்குதா?" என்று அவளைக் கேட்டார்.

அவளுக்கு வலித்ததா என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். பதில் உங்களுடையது. கொஞ்சம் சீக்கிரம், அவர் இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறார்.